700 ரூபாய்க்குக் குதிரையேற்றம் சொல்லித்தர முடியுமா?

கேள்வி கேட்டவருக்குத் திருச்சிக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம் இருக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நான்கு குதிரைகளை ஒருவர் கிட்டத்தட்ட இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவர் போட்டிருக்கும் கணக்கு இது: நான்கு குதிரை, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு நான்கு வகுப்பு, மாதம் 30 நாள், ஆக 480 வகுப்பு. வகுப்புக்கு 700 ரூபாய் என்றால் வரவு 3,36,000. தீனி குதிரைக்குப் பத்தாயிரம் வீதம் 40,000, இரண்டு ஆள் சம்பளம் 30,000, ஆகச் செலவு 70,000. "இரண்டரை லட்சத்துக்கு மேல் மிச்சம் நிற்கிறதே, அப்புறம் ஏன் சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு வகுப்புக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள், கொள்ளையா?" என்று முடித்திருக்கிறார். பார்த்தால் கட்டணத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் இருக்கிற நிஜமான கேள்வி, ஒரு குதிரை மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்பதுதான். அந்த ஒரு எண்ணில்தான் இவர் கணக்கு சறுக்கியிருக்கிறது. மற்றதெல்லாம் சின்னச் சின்னச் சறுக்கல்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் பதினான்கு வருடமாக ஒரு சிறிய லாயம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் ஒன்பது குதிரை இருந்தது, இப்போது ஆறு. கால்நடை மருத்துவர் இல்லை, ஆகவே மருந்து, அளவு எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கீழே நான் சொல்லும் கிலோ, லிட்டர், நாள் கணக்கை நம்பி எழுதிக்கொள்ளலாம், குதிரை எந்த ஊரிலும் அவ்வளவுதான் தின்னும், அவ்வளவுதான் குடிக்கும். ரூபாய்க் கணக்கு என் நோட்டுப் புத்தகத்திலிருந்து வருவது. உங்கள் ஊரில் புல் மலிவாக இருக்கலாம், லாடம் அடிக்கிறவர் தூரத்திலிருந்து வரவேண்டியிருக்கலாம், அதற்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 480. ஆரம்ப நிலை மாணவரைச் சுமக்கிற குதிரைக்கு ஒரு நாளைக்கு 45 நிமிட வகுப்பு இரண்டு, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. என் லாயத்தில் இதற்கு மேல் கிடையாது. நல்ல சவாரிக்காரர் ஏறினால் குதிரைக்கு அது வேலை. புதிதாகக் கற்பவர் ஏறினால் வேலையோடு தண்டனையும். உடம்பு ஒவ்வொரு அடிக்கும் முதுகில் தொம் தொம்மென்று விழும், பயத்தில் கடிவாள வாரைப் பிடித்து இழுப்பார், இழுக்கும்போதே குதிகாலால் விலாவையும் இறுக்குவார், நில் என்றும் போ என்றும் ஒரே நேரத்தில் சொல்வது மாதிரி. இதை நாளுக்கு நான்கு தடவை தாங்கும் குதிரை ஒரு மாதத்தில் காதை அடைத்துக்கொள்ளும், மூன்றாவது மாதத்தில் வயிற்று வாரை இறுக்கப் போனாலே திரும்பிக் கடிக்க வரும். பெற்றோர்கள் "இந்தக் குதிரை மோசம்" என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாவது தடை வெயில். நம் ஊரில் காலை ஆறிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை, அவ்வளவுதான் சவாரிக்கான நேரம். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும், வேலை முடிந்து அரை மணி ஆகியும் மூக்குத் துளை விரிந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டே நிற்கும். அந்த மாதிரி ஒரு குதிரையை வைத்திருந்தால் கோடையில் காலை ஒரு வகுப்பே அதிகம்.

ஆக 4 குதிரை, 2 வகுப்பு, 26 நாள், 208 வகுப்பு. இதுவும் முழுசாக நிரம்பாது. எல்லோருக்கும் சனி ஞாயிறு காலைதான் வேண்டும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்களும் குதிரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை. மே மாதம் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், அது அக்னி நட்சத்திரம், குதிரையால் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அரீனாவில், அதாவது சவாரி பழகும் மணல் திடலில், தண்ணீர் நிற்கும். இடையில் ஒன்று நொண்டும், ஒன்றுக்கு முதுகில் புண் வரும். நல்ல பெயர் எடுத்த பிறகும் எனக்கு 70 சதவீதம் நிரம்பினால் நல்ல மாதம். 145 வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 எங்கே, 145 எங்கே. இனி வருகிற செலவு முழுவதையும் இந்த 145-ஆல்தான் வகுக்கப் போகிறோம்.

தீனிக்கு வருவோம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு உடல் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது ஈரம் போன கணக்கில் நாளுக்கு ஒன்பது கிலோ தேவை. அதில் மூன்று கிலோ ஓட்ஸ், பார்லி, வேகவைத்த கொள்ளு என்று தானியமாகப் போனாலும் மீதி ஆறேழு கிலோ புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோதான் இருக்க வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அது முப்பது கிலோ ஆகிவிடும். நான்கு குதிரைக்கு நாளுக்கு 120 கிலோ. வாரத்துக்கு ஒரு தடவை குட்டி யானையில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், நானும் செய்து பார்த்தேன், மூன்றாவது நாள் குவியலுக்குள் கைவிட்டால் சுட்டது. பூஞ்சை பிடித்த புல்லைக் குதிரைக்குப் போடக்கூடாது. மாடு மாதிரி நாலு பங்கு வயிறு அதற்கு இல்லை, ஒத்துக்கொள்ளாததை வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. வயிறும் சிறியது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டும், கடைசித் தீனி இரவு ஒன்பது மணிக்கு. காலை ஒன்பதுக்கு வந்து சாயங்காலம் ஆறுக்குப் போகும் ஆள் இதற்குச் சரிப்படமாட்டார். தண்ணீர் 30 முதல் 50 லிட்டர், வெயிலில் வேலை செய்தால் இன்னும் மேலே.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருச்சியிலும் மலிவாகக் கிடைப்பது இதே இரண்டுதான்: நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும். மாட்டுக்கு நன்றாக இருக்கிறதே என்று முதல் இரண்டு வருடம் அதையே போட்டேன். ஒரு பெட்டைக் குதிரை ஒரு வாரம் முன்னங்காலில் நொண்டும், அடுத்த வாரம் பின்னங்காலில். லாடக்காரரை மாற்றினேன், சேணத்தை மாற்றினேன். கடைசியில் வந்த மருத்துவர் காலைத் தொடவே இல்லை. விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணுக்குக் கீழே எலும்பு இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருப்பதைக் காட்டினார். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுகிறது, தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரை வாங்க ஆரம்பித்தேன், பெயரிலேயே குதிரை இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அதோடு தாது உப்பும். இதெல்லாம் சேர்ந்துதான் தீனிச் செலவு: புல்லும் மசாலும் 5,000, தானியம் 3,400, உப்பும் தாதுவும் 600. இவர் போட்ட பத்தாயிரம் இதற்குக் கிட்டத்தட்டச் சரி. குறை என்னவென்றால், அதோடு குதிரைச் செலவு முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

ஆள் விஷயம். இரண்டு குதிரைக்கு ஒரு சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆள், இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும், மூன்றுக்கு ஒருவர் என்றால் ஓடும், நான்குக்கு ஒருவர் என்றால் குளம்புக்குள் சாணி அப்பிக்கொண்டு அழுகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். சம்பளம், சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு 18,000. நல்ல சைஸ் என்பவர் குதிரை காலையில் சாணி எத்தனை தடவை போட்டது என்பதைக் கேட்காமலே சொல்பவர். அப்புறம் லாடம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளர்கிறது, ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். தெரிந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் பந்தய மைதானங்களைச் சுற்றியே இருக்கிறார்கள், அவர்களுக்கு வண்டிச் சத்தமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் கூப்பிடாதீர்கள், ஆணி ஒரு நூல் உள்ளே போனால் குதிரை ஆறு வாரம் நிற்கும்.

சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதை இவர் கேள்வியில் எழுதவே இல்லை. தானே சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், தனக்கு ஒரு சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும். ராணுவத்திலோ போலீஸ் குதிரைப் படையிலோ இருந்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் பாக்கியம், ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் அணிவகுப்புக் குரலில் கத்துகிறாரா என்று முதலில் பாருங்கள். தரம் என்று நான் நினைப்பது முதல் எட்டுப் பத்து வகுப்புதான். அதில் குதிரை நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்றும், கயிறு ஆசிரியர் கையில் இருக்கும், மாணவர் கையில் வார் இருக்காது. குதிரைமேல் உட்காரும் நிலை சரியான பிறகுதான் குதிரையின் வாய் மாணவர் கைக்குப் போகும். ஒரு ஆசிரியர், ஒரு குதிரை, ஒரு மாணவர் என்பதால் இதுதான் மிக விலை உயர்ந்த வகுப்பு, பல இடங்களில் முதலில் வெட்டுவதும் இதைத்தான். ஆசிரியருக்கு 35,000 வைத்துக்கொள்வோம்.

மருத்துவச் செலவைச் சராசரியாகச் சொன்னால் புரியாது. ஒரு ஆடி மாதம், காற்று நாள், இரவு ஒன்பது மணித் தீனியில் என் குதிரை செம்பி கொள்ளைத் தொடவில்லை. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் என்று குதிரைக்குப் பழமொழியே இருக்கிறது, அது திறக்கவில்லை என்றால் பயப்பட வேண்டும். பத்து நிமிடத்தில் தலையைத் திருப்பி விலாவைப் பார்த்தது, முன்னங்காலால் தரையைப் பறண்டியது, படுத்தது, எழுந்தது. காலிக், குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி. சைஸும் நானும் மாறி மாறிக் கையில் பிடித்து நடத்தினோம். மருத்துவர் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒன்றரை மணிக்கு வந்து மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு பாரஃபின் எண்ணெய் ஊற்றினார். விடிந்ததும் அது போட்ட சாணியில் இரண்டு உருண்டையை ஒரு கையுறைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டுத் தொங்கவிட்டார். கால் மணி நேரம் கழித்து விரல்களின் நுனியில் இரண்டு கணுவுக்கு மணல் இறங்கியிருந்தது. நாங்கள் தரையில் புல்லைப் போட்டதுதான் காரணம், புல்லோடு மணலையும் பொறுக்கித் தின்றிருக்கிறது. அந்த இரவுக்கும் பின்னால் ஏற்றிய குளுக்கோஸுக்கும் சேர்த்து 16,000. அது எட்டு நாள் நின்றதில் பதினாறு வகுப்பு போயிற்று. இப்போது தரையில் ரப்பர் பாய், அதன்மேல் தொட்டி.

வழக்கமான செலவுகள் தனி: குடற்புழு மருந்து, டெட்டனஸ், வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள், வருடத்துக்கு ஒரு முறை பல் அராவுவது. மழைக்குப் பின் ஈக்கள் கடித்துப் பரப்பும் சர்ராவுக்கு ரத்தப் பரிசோதனை. வாங்கும்போதே கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள், அது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். 1899-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். குதிரை பார்க்கும் மருத்துவர் கிடைப்பது நிஜமாகவே குதிரைக் கொம்பு. சென்னையில் வேப்பேரி கல்லூரி இருக்கிறது. திருச்சிக்காரருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஒரத்தநாடு கல்லூரியும் எட்டும் தூரம்தான், ஆனால் குதிரை வாங்குவதற்கு முன்னால் போய் ஒருவரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், நடுராத்திரியில் முதல் தடவை போன் செய்தால் யாரும் வரமாட்டார்கள்.

அரீனா ஒரு தடவைச் செலவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 20-க்கு 40 மீட்டர், பத்து சென்டிமீட்டர் மணல் என்றால் 80 கன மீட்டர், நம் கணக்கில் 28 யூனிட், மூன்று யூனிட் லாரி பத்து நடை. ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்ட்தான், அதில் தூசி பறக்கும், தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆழம் கூடினால் கால் நரம்பு (தசைநாண்) இழுத்துக்கொள்ளும், குறைந்தால் மூட்டு அடி வாங்கும், ஆகவே வாரம் ஒரு தடவை வாரி மட்டம் பண்ண வேண்டும். சேணம் ஆளுக்குச் செருப்பு மாதிரி, ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் புண் போடும். ஒரு தடவை தலை அடிபட விழுந்த ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்னொரு மறைமுகச் செலவு, திருப்பி அனுப்பும் ஆட்கள். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலான அளவு. 450 கிலோ குதிரைக்கு 90, சேணம் போனால் 80. தொண்ணூற்றைந்து கிலோ மனிதர் காசோடு வந்து நிற்பார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும்.

சரி, அந்த இலவசக் குதிரைகள். பந்தயக் குதிரைக்கு இவ்வளவு நாள் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான், வாரில் பிடிப்பு இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடு. நம் மாணவர் பயந்தால் முதலில் செய்வது வாரை இறுக்குவது. இந்த இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மறக்கடித்து, நடை பழக்கி, குழந்தை கீழே விழுந்தால் அப்படியே நிற்கும் குதிரையாக ஆக்க என் கையில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் மூன்றில் ஒன்று கடைசிவரை ஆரம்ப வகுப்புக்கு ஆகாமலே போய்விடும். அதுவரை வரவு பூஜ்யம், தின்பது அதே ஒன்பது கிலோ. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டிய சந்தைதான், ஆனால் மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது தூங்குமூஞ்சி.

யாரும் கணக்கில் எழுதாதது குதிரையின் முதுமை. குதிரை 25 வருடம் சாதாரணமாக வாழும். ஆறு வயதில் உங்களிடம் வந்து பதினெட்டு வயதுவரை உழைத்தால் பன்னிரண்டு வருடம். அதற்கப்புறம் ஏழு வருடம் சும்மா நிற்கும். லாடம் இல்லை, தானியம் குறைவு, மாதம் 12,000 என்றே வைத்தாலும் 84 மாதத்துக்குப் பத்து லட்சத்துச் சொச்சம். உழைக்கிற 144 மாதத்தில் அதைச் சேர்க்க வேண்டுமானால் மாதம் 7,000, நான்கு குதிரைக்கு 28,000. இந்த வரியை அடித்துவிட்டால் கட்டணம் சட்டென்று இறங்கும். அடித்துவிட்டவர்களின் கிழக் குதிரைகள் கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கைமாறிப் போகின்றன, அதற்கப்புறம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. செம்பிக்கு இப்போது இருபத்தொரு வயது. வேப்பமரத்தடியில் நின்று வருகிறவர் போகிறவர் பையை முகர்ந்து பார்ப்பதுதான் அதற்கு வேலை, அதன் சாப்பாட்டுக்கான காசு மற்ற ஐந்தின் கட்டணத்தில் இருக்கிறது.

கூட்டிப் பார்க்கலாம். குதிரைக்குத் தீனி 9,000, படுக்கைக்கு வைக்கோல், மரத்தூள் 1,500, சைஸ் பங்கு 9,000, லாடம் 1,500, வழக்கமான மருந்து 2,000, சேணம், கடிவாளத் தேய்மானம் 800, ஆக 23,800. நான்குக்கு 95,200. ஆசிரியர் 35,000. கரண்டு, தண்ணீர், அரீனா, ஹெல்மெட், காப்பீடு, சில்லறை 20,000. அவசர நிதி 10,000. முதுமைக்கு 28,000. மொத்தம் 1,88,200. 145-ஆல் வகுத்தால் ஒரு வகுப்பு 1,300 ரூபாயைத் தொடுகிறது. இதில் நில வாடகை இல்லை, கொட்டகை, வேலி போட்ட காசு இல்லை, உங்கள் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. 700 வாங்கினால் வரவு 1,01,500, மாதம் 86,700 கையிலிருந்து போகும். 700-க்கு ஓட்டுகிறவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். நாளுக்கு நான்கு வகுப்பு, ஓய்வு நாள் கிடையாது, ஒரு வருடம் கழித்துப் போனால் லாயத்தில் ஒரு பழைய குதிரைகூட இருக்காது.

உங்களுக்குச் சாதகமாகவும் சில உண்டு. நிலம் சொந்தம், அரை ஏக்கரில் புல்லும் மசாலும் போட்டால் தீனிச் செலவு நன்றாக இறங்கும். குதிரைக்கு நாளுக்கு இருபது கிலோ எரு வரும், சுற்றிலும் தோட்டக்காரர்கள் இருந்தால் அதை அள்ளிக்கொண்டு போவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு பேசி வார நாள் காலையை நிரப்ப முடிந்தால், 70 சதவீதம் 85 ஆகும், அது எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம். நான்கையும் ஒரே நாளில் இறக்காதீர்கள், இரண்டு எடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம், தனியாகக் கட்டினால் குதிரை நிலைகொள்ளாது. அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பரம்பரை, பந்தயத்தில் ஜெயித்த கதை எதையும் கேட்க வேண்டாம். குனிந்து, முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் நரம்பை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் தடித்தோ சூடாகவோ இருந்தால், எவ்வளவு இலவசமாக இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.